இன்றைக்கு என்ன கிழமை?

ஜூன் 15, சனி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதுகிறேன். உறையின் மேலிருக்கும் கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். கோழி கிண்டிய மாதிரி இருக்கிறது என்று சின்ன வயதிலேயே சொல்வாய். மூன்றாம் வகுப்பு டீச்சராகிப் பதினொரு வருஷம் ஆயிற்று, என் எழுத்து கரும்பலகையில் மட்டும்தான் திருந்தியிருக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நாம் என்ன பேசுகிறோம் சொல். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "சரி, வெச்சிடறேன்." நாலு வருஷமாக இதே மூன்று வசனம்தான். கடிதமென்றால் நீ பாதியில் வைத்துவிட்டுப் போக முடியாதே.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் என் வகுப்புப் பையன் ஒருவன் மாடிப்படியில் உருண்டு தலையில் அடிபட்டுக்கொண்டான். கூட இருந்த பிள்ளைகள் முதலில் படியை நாலு அடி அடித்தார்கள். அப்புறம் அவன் தலையைப் பரபரவென்று தேய்த்துவிட்டார்கள். கடைசியாக, டீச்சரிடம் சொல்லக் கூடாது என்று எல்லாருமாகச் சத்தியம் செய்துகொண்டார்கள். எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. நல்லவேளை, அவனுக்கு ஒன்றுமில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க திட்டுவீங்கன்னுதான் டீச்சர்" என்றார்கள்.

எனக்குப் பொடிசு கண்முன்னால் வந்து நின்றான். நாலு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டு ஊஞ்சலிலிருந்து பின்பக்கமாக விழுந்துவிட்டு, உன் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்தி, அம்மாகிட்ட சொல்லாதே, திட்டுவாங்க" என்றானே. அவனுக்கு ஆறு வயது, பயந்தான். எனக்கு முப்பது வயது, நானும்தான் பயந்தேன். காலையில் விழுந்தவனைச் சாயங்காலம் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை என்ற பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன், உனக்கும் அப்போதுதான் விழுந்ததைச் சொன்னேன். மண்டைக்குள் ரத்தம் கட்டி, ஆபரேஷன் ஆகி, பிழைத்து வந்துவிட்டான். ஆனாலும் அந்த இடது கை இன்றைக்கும் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுகிறது. நீ என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம் அக்கா. அதன்பிறகு அவனை ஒரு நாள்கூட என் வீட்டுக்கு அனுப்பவுமில்லை.

பிள்ளைகளுக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்கிறேன் என்று தலைமையாசிரியையிடம் கேட்டு, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை வாங்கியிருக்கிறேன். முதல் பாடம் தலையில் அடிபட்டால் என்ன செய்வது என்பது. எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது? அவசரப் பிரிவில் இருபது வருஷம் நர்ஸாக இருக்கிறவளை விட்டுவிட்டு நான் யாரைப் போய்க் கேட்பேன்?

அத்தானை விசாரித்ததாகச் சொல். செப்டம்பர் விடுமுறைக்குப் பொடிசை அனுப்புகிறாயா? வேண்டுமென்றேதான் கடைசி வரியில் எழுதியிருக்கிறேன். கண்ணில் படவில்லை என்று நீ சொல்லிக்கொள்ளலாம்.

உன் தங்கை


ஜூன் 24, திங்கள்

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து அப்படியேதான் இருக்கிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். படியை அடிப்பதால் படிக்கு ஒன்றும் ஆகாது, அதை விட்டுவிடு. தலையைத் தேய்ப்பதை நிறுத்து. வீக்கத்தின்மேல் ஈரத்துணியை லேசாக வைத்தால் போதும். விழுந்த பிள்ளையைக் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தக் கூடாது, கழுத்திலும் அடிபட்டிருக்கலாம். அப்படியே இருக்கவிட்டு, ஒருத்தர் பக்கத்தில் உட்கார வேண்டும், இன்னொருத்தர் பெரியவர்களைக் கூப்பிட ஓட வேண்டும். எட்டு வயதுக்கு அந்த ஓட்டம்தான் முதலுதவி. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

பெரியவர்கள் வருகிறவரை பேச்சுக் கொடுக்கச் சொல். உன் பேர் என்ன, இன்றைக்கு என்ன கிழமை, விழுவதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாய். இந்த மூன்றும் போதும். பதில் குழறினாலோ, வாந்தி வந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, கண் சொருகினாலோ, ஆஸ்பத்திரிக்குத்தான். தூங்கவே கூடாது என்று பிள்ளைகளைப் பயமுறுத்தாதே. தூங்கினால் எழுப்பிப் பார்க்க வேண்டும், எழுப்பினால் எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றுமில்லாததுபோல் தெரிந்தாலும் அன்றைக்கு விளையாட்டு கிடையாது, வீட்டில் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்தக் கடைசியை இரண்டு தடவை சொல்லிக்கொடு.

அத்தான் நலம். பொடிசு நாலு விரற்கடை வளர்ந்துவிட்டான், இனி அந்தப் பெயர் செல்லாது.

கடைசி வரி கண்ணில் பட்டது. அதற்கு இப்போது பதில் இல்லை.

அக்கா


ஜூலை 6, சனி

அன்புள்ள அக்காவுக்கு,

நீ இரண்டு பக்கம் எழுதியிருந்தாய்! ஒன்றரைப் பக்கம் மருத்துவம் என்றாலும் பரவாயில்லை. மீதி அரைப் பக்கத்தைப் பத்து தடவை படித்தேன்.

வகுப்பு ஜோராக நடக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் வழக்கமாகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலையே பார்க்கும் கூட்டம், இப்போது மணி அடித்தாலும் நகர்வதில்லை. முப்பத்திரண்டு பேர். அடிபட்டவனாக நடிப்பதற்கென்றே ஒருவன் பிறந்திருக்கிறான். வெட்கப்பட்டால் முகம் சிவந்துவிடும் என்பதால் அவனுக்குத் தக்காளி என்று பெயர். விழச் சொன்னால் என்ன அழகாக விழுகிறான் தெரியுமா! கூட்டத்திலேயே பெரிய வாய் ஒரு பெண்ணுக்கு, பட்டாசு என்று கூப்பிடுகிறோம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பாள். ஒருத்தி ஈரத்துணி. ஒருவன் என்னைத் தேடி ஓடுவான், நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருப்பேன், இருந்தாலும் பள்ளிக்கூடத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வருவான்.

உன் மூன்று கேள்விகளைப் பாட்டு மாதிரியே ஆக்கிவிட்டேன். "உன் பேரு என்ன?" என்று பட்டாசு கேட்டால் தக்காளி பேரைச் சொல்வான். "இன்னைக்கு என்ன கிழமை?" என்றால் அவன் வாயைத் திறப்பதற்குள் முப்பது குரல் "வெள்ளிக்கிழமை!" என்று கத்தும். "என்ன பண்ணிட்டு இருந்தே?" "ஓடிப்பிடிச்சு விளையாடினேன்!" சத்தம் தாங்காமல் பக்கத்து வகுப்பு டீச்சர் ஜன்னலைச் சாத்திவிட்டார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள், அவ்வளவு மனப்பாடம்.

ஒரே ஒருத்திதான் எதிலும் சேரமாட்டேன் என்கிறாள். மௌனி என்று பேர் வைத்திருக்கிறார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள், வாயே திறக்கமாட்டாள். என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்தக் கடைசியை இரண்டு தடவை இல்லை, இருபது தடவை சொல்லிக்கொடுத்துவிட்டேன். "திட்டினாலும் பரவாயில்லை, சொல்லணும்." சொல்லும்போது என் குரல் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. பிள்ளைகள் அதைக் கண்டுகொள்வதில்லை.

கடைசி வரியில் இந்தத் தடவை ஒன்றும் எழுதவில்லை, கவனித்தாயா?

உன் வாலு


ஜூலை 18, வியாழன்

தங்கைக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் உன் அத்தான் தரையில் விழுந்து கிடக்கிறார், பொடிசு பக்கத்தில் உட்கார்ந்து என்ன கிழமை என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். எனக்கு ஒரு நிமிஷம் உயிரே போய்விட்டது. பார்த்தால், உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு பேரும் போட்ட நாடகம். இரண்டு பேருக்கும் சேர்த்துத் திட்டு. அப்புறம் நானும் சிரித்துவிட்டேன்.

அந்தப் பேசாத பிள்ளையை அப்படியே விட்டுவிடாதே. எங்கள் பிரிவில் கத்துகிற பிள்ளை கொஞ்சம் காத்திருக்கலாம், சத்தமில்லாமல் கிடக்கிற பிள்ளையைத்தான் முதலில் போய்ப் பார்ப்போம். அவள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு நாள் தனியாகக் கேட்டுப் பார்.

போன வாரம் பொடிசு ஒரு பகல் மட்டும் உன் அத்தானின் தம்பி வீட்டுக்குப் போய் வந்தான். அதற்கே நான் இரண்டு பக்கம் குறிப்பு எழுதிக் கொடுத்தனுப்பினேன். எங்கே ஏறக் கூடாது, மத்தியானம் தூங்கினால் எப்போது எழுப்ப வேண்டும், தலை வலிக்கிறது என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்றெல்லாம். அவர்கள் சிரித்துக்கொண்டே ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார்களாம். அவனுக்கு அவமானமாக இருந்ததாம். "நான் என்ன மருந்து பாட்டிலா, சீட்டு ஒட்டி அனுப்பறே?" என்று கேட்கிறான்.

விடுமுறையைப் பற்றி யோசிக்கிறேன். யோசிக்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதற்குள் குதிக்காதே.

அக்கா


ஆகஸ்ட் 12, திங்கள்

அக்கா,

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து எழுதுகிறேன். சாயங்காலம் ஐந்தரை மணி. போன் செய்தால் அழுதுவிடுவேன், பாதி சொல்லாமல் விட்டுவிடுவேன். ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும், அதுவும் இன்றைக்கே சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

மதிய இடைவேளையில் பட்டாசு கரும்பலகையின் மேல் மூலையைத் துடைக்கிறேன் என்று பெஞ்சில் ஏறியிருக்கிறாள். பெஞ்சு சாய்ந்து மல்லாக்க விழுந்துவிட்டாள், பின்மண்டை தரையில் மோதிவிட்டது. என் பிள்ளைகள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார்கள் அக்கா. யாரும் அவளைத் தூக்கவில்லை, தேய்க்கவில்லை. ஒருத்தி கைக்குட்டையை நனைத்துக்கொண்டு வந்தாள். தக்காளி ஓடி வந்து ஆசிரியர் அறையிலிருந்த என்னைக் கூப்பிட்டான். பள்ளிக்கூடத்தைச் சுற்றாமல் நேராக வந்தான்.

நான் போனபோது அவள் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். கேள்விகளைக் கேட்டு முடித்திருந்தார்கள். "எல்லாம் கரெக்டா சொல்லிட்டா டீச்சர்" என்றார்கள். நானும் ஒரு தடவை கேட்டேன். பேரைச் சொன்னாள். என்ன கிழமை என்றேன். "வெள்ளிக்கிழமை." என்ன பண்ணிக்கொண்டிருந்தாய்? "ஓடிப்பிடிச்சு விளையாடினேன்." நான் என்ன சொன்னேன் தெரியுமா அக்கா? "சமத்து" என்றேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். கொஞ்ச நேரம் என் நாற்காலியில் சாய்த்து வைக்கலாம், சாயங்காலம் அவள் அம்மா வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் முடிவும் செய்துவிட்டேன்.

யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். பார்த்தால் மௌனி. அவள் குரலை இன்றுதான் முதன்முதலில் முழுசாகக் கேட்டேன். "டீச்சர், இன்னைக்குத் திங்கக்கிழமை. அவ ஓடவும் இல்ல. பெஞ்சு மேல ஏறினா."

பட்டாசிடம் குனிந்து, மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை" என்றாள்.

ஆம்புலன்சில் இரண்டு தடவை வாந்தி. ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே கொஞ்சம் ரத்தம் கட்டியிருக்கிறதாம், ராத்திரி முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் ஆபரேஷனைப் பற்றிச் சொல்வார்களாம். சீக்கிரம் கொண்டு வந்தது நல்லது என்றார் டாக்டர். எனக்கு அதைக் கேட்க வெட்கமாக இருந்தது.

நீ எனக்குக் கேள்விகளைச் சொல்லிக்கொடுத்தாய். நான் பிள்ளைகளுக்குப் பதிலையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். டீச்சர் புத்தி வேறெங்கே போகும்? பதிலைச் சொல்லிக்கொடுத்து, மனப்பாடம் பண்ணவைத்து, அதே பதில் திரும்பி வந்தால் மார்க் போட்டுத்தானே பழக்கம்.

பட்டாசின் அம்மா அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், "சமத்து" என்றது உட்பட. அந்த அம்மா திட்டினார். வராந்தாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி திட்டினார். நின்று கேட்டுக்கொண்டேன். திட்டு வாங்கினால் ஒன்றும் ஆகிவிடாது அக்கா. திட்டி முடித்துவிட்டு அவரே என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். இவ்வளவுதானா, இதற்குத்தானா அன்றைக்கு அப்படிப் பயந்தேன் என்று எனக்கு ஆறவே இல்லை.

நீ யோசித்துக்கொண்டிருந்தாய். இதைப் படித்தால் என்ன முடிவு செய்வாய் என்று எனக்குத் தெரியும். அதற்காக மறைக்க முடியவில்லை.

உன் தங்கை


ஆகஸ்ட் 27, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

பட்டாசுக்கு ஆபரேஷன் தேவைப்படவில்லை. கட்டியிருந்த ரத்தம் தானாகவே கரைய ஆரம்பித்துவிட்டது. ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நேற்று அரை நாள் வகுப்புக்கு வந்தாள். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது என்று சொல்லியிருப்பதால் எல்லாவற்றையும் வாயாலேயே செய்கிறாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வகுப்பை நிறுத்தவில்லை. தலைமையாசிரியை நிறுத்தச் சொல்லவுமில்லை, வகுப்பு நடக்கும் கிழமையை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கச் சொன்னார். இப்போது கேள்வி கேட்பது மௌனிதான். "என் சட்டை என்ன கலர்?", "உன் பக்கத்துல யாரு உக்காருவா?", "டீச்சர் காலைல யாரைத் திட்டினாங்க?" என்று ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் கேள்வி வைத்திருக்கிறாள். யாராலும் மனப்பாடம் பண்ண முடிவதில்லை. நீ சொன்ன மாதிரி தனியாகக் கேட்டேன், இத்தனை நாள் ஏன் சேர்ந்து சொல்லவில்லை என்று. "எல்லாரும்தான் சொல்றாங்களே, யாராவது கேக்கணும்ல?" என்றாள்.

பதினைந்து நாளாக உன்னிடமிருந்து பதில் இல்லை. உன் மேல் குறை சொல்லவில்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் எழுத வார்த்தை வந்திருக்காது. விடுமுறைக்கு அனுப்பு என்று இனிக் கேட்கமாட்டேன். பொடிசை நான் அங்கே வந்து பார்க்கலாமா? ஒரு மணி நேரம் போதும், நீயும் கூடவே இருக்கலாம். அதற்காவது சரி என்று ஒரு வரி எழுது.

உன் தங்கை


செப்டம்பர் 1, ஞாயிறு

அடியே வாலு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

முதலில் ஒன்று. உன் ஜூலை மாதக் கடிதத்தைப் படித்துவிட்டு நானும்தான் சிரித்தேன். முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் வெள்ளிக்கிழமை என்று கத்துகிறார்கள் என்று நீ தெளிவாக எழுதியிருக்கிறாய். இருபது வருஷ நர்ஸுக்கு அது உறைக்கவில்லை. அதனால் அந்தத் தப்பில் பாதியை இங்கே அனுப்பிவிடு.

இரண்டாவதைச் சொல்லத்தான் நாலு தாள் கிழிந்தது.

பொடிசு விழுந்த அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு நீ எனக்குப் போன் செய்தாய். வார்டில் கூட்டம். "அக்கா, பொடிசு ஒரு தடவை வாந்தி எடுத்தான், தூங்கி வழியறான்" என்றாய். "வெயில்ல ஆடியிருப்பான், தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பத்து வினாடிகூட ஆகியிருக்காது. வாந்தியோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் ஒவ்வொரு அம்மாவிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி, "எங்கேயாவது விழுந்தானா?" அன்றைக்குக் காலையில் மட்டும் ஏழெட்டுப் பேரிடம் கேட்டிருப்பேன். என் பிள்ளைக்கு அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். நீ சொல்லாமல் இருப்பாய், ஆனால் கேட்டால் பொய் சொல்ல உனக்கு வராது. ஆறு மணிக்குத்தான் நீ அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். அந்த இரண்டு மணி நேரம் நம் இரண்டு பேரிடமும் இருந்தது.

நான் உன்னைத் திட்டாததைப் பெருந்தன்மை என்று எல்லாரும் நினைத்தார்கள், உன் அத்தான் உட்பட. திட்ட ஆரம்பித்தால் நீ அந்தப் போனைச் சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன், அதுதான் உண்மை. நீ நாலு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூடச் சொல்லவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு அந்த நாலு மணி வந்துவிடும், அதனால் பார்க்காமலே இருந்துவிட்டேன். பழியெல்லாம் உன் தலையில் கிடந்தது, எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அன்றைக்கே எல்லாவற்றையும் எழுதினாயே, அதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உன் அத்தானையும் பொடிசையும் உட்காரவைத்துச் சொன்னேன். பொடிசு விரல்விட்டு எண்ணினான். "நான் சொல்லாதேன்னேன். சித்தி சொல்லல. நீ கேக்கல. அப்போ மூணு பேருமா?" என்றான். ஆமாம் என்றேன். "அப்புறம் ஏன் சித்தி மட்டும் நம்ம வீட்டுக்கு வர்றதில்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டான்.

நீ இங்கே ஒரு மணி நேரம் வந்துவிட்டுப் போவதெல்லாம் வேண்டாம். செப்டம்பர் 21, சனிக்கிழமை, காலை பஸ்ஸில் அத்தான் அவனைக் கொண்டுவந்து விடுவார். பதினொரு மணிக்கு இறங்குவான். பத்து நாள் உன்னோடு இருக்கட்டும். கடைசி இரண்டு நாளைக்கு நானும் லீவு போட்டுவிட்டு வருகிறேன், விடுமுறையானாலும் அந்த மௌனியை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

பையில் குறிப்புச் சீட்டு எதுவும் வைக்கப்போவதில்லை. எழுத உட்கார்ந்தேன், அவன் வந்து பேனாவை வாங்கிக்கொண்டு போய்விட்டான். சட்டைப் பொத்தானை அவனே போட்டுக்கொள்வான், நேரமாகும், நீ கை கொடுக்காதே. இது குறிப்பு இல்லை, சும்மா பேச்சு.

வந்ததும் ஊஞ்சல் எங்கே என்றுதான் கேட்பான். ஆடட்டும். விழுந்தால் உடனே எனக்குப் போன் செய். நான் கட்டாயம் திட்டுவேன், நன்றாகவே திட்டுவேன். அதற்காகச் சொல்லாமல் இருந்துவிடாதே.

உன் அக்கா